பழைய சுண்ணாம்பு வீடுகளின் பழுதுநீக்கத்தில் அண்டைவீட்டு முதியோர் அறிவுரைகள்: அடிப்படையும் வரம்பும்

ஆய்வுச்சுருக்கம்

சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்ட வீடுகள் தமிழகத்தின் பழைய தெருக்களில் இன்றும் குடியிருப்புகளாக உள்ளன. இவ்வீடுகளில் சுவர்ப்பூச்சு உதிர்தல், தளம் ஒழுகுதல், வெடிப்புத் தோன்றுதல் ஆகிய பழுதுகள் நேரும்போது, குடியிருப்போர் பலரும் முதலில் நாடுவது அண்டைவீட்டு முதியோரின் அறிவுரையாகும். இவ்வறிவுரைகளை முழுவதும் ஏற்பதும், பழங்கதையென்று முழுவதும் தள்ளுவதும் வழக்கில் உள்ளன. இவ்வறிவுரைகள் ஒரு குறிப்பிட்ட கட்டுமானப் பொருளின் இயல்பைச் சார்ந்து உருவானவை என்பதையும், அந்தச் சார்பு சொல்லில் வெளிப்படாமையால் பொருள் மாறும்போது அவை தவறிப்போகின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. அதன்வழி, இவ்வழக்காறுகளைத் தொகுப்போர் பின்பற்றத்தக்க பதிவுமுறை ஒன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: சுண்ணாம்புக் காரை, பழுதுநீக்கம், வாய்மொழி அறிவு, ஓதம், மெட்ராஸ் ஒட்டு, வெடிப்பு, நாட்டாரியல்

முன்னுரை

தமிழகத்தில் கட்டடம் பற்றிய எழுத்துச் சான்றுகள் பெரும்பாலும் கட்டுதலைப் பற்றியவை. மனையடி நூல்கள் மனையின் அளவு, வாயிலின் திசை, கால்கோளுக்குரிய நாள் ஆகியவற்றை விரித்துரைக்கின்றன. கோயிலைப் பொறுத்தவரை பழுதுநீக்கத்திற்கும் நிலையான ஏற்பாடு இருந்தது. கோயிலைப் பழுதுபார்ப்பதற்கென விடப்பட்ட நிலத்தைப் ‘புதுக்குப்புறம்’ என்னும் சொல் குறிக்கிறது. குடியிருப்பு வீட்டுக்கு அத்தகைய நிலையான ஏற்பாடு எதுவும் இல்லை. அதன் பராமரிப்பு அறிவு கொத்தனாரின் கையிலும், வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தோரின் நினைவிலும், அண்டை வீட்டாரின் பேச்சிலும் தங்கியிருந்தது.

இம்மூன்றனுள் கொத்தனாரின் தொழிலறிவு ஓரளவு ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றுள்ளது. அண்டை வீட்டாரின் அறிவுரையோ அன்றாடப் பேச்சாகவே கருதப்பட்டு விடுபட்டுவிடுகிறது. ஆயினும் பழைய வீடொன்றில் எதை இடிப்பது, எதைப் பூசுவது, எப்போது வேலையைத் தொடங்குவது என்ற முடிவுகள் பல நேரங்களில் இப்பேச்சாலேயே அமைகின்றன. அம்முடிவு சரியாக அமைந்தால் வீடு நிலைக்கிறது. பிழையானால் சில மழைக்காலங்களில் சுவரின் செங்கல் பொடிந்து, இறுதியில் வீடே இடிக்கப்படும் நிலை ஏற்படுகிறது. ஆகவே இவ்வறிவுரைகளின் நம்பகத்தன்மையை ஆராய்வது நடைமுறைத் தேவையும் ஆகும்.

1. அண்டை அறிவுரையின் இயல்பு

பழுதுநீக்கம் குறித்த அறிவுரைகள் வடிவ அடிப்படையில் நான்கு வகைப்படும். ‘அந்தச் சுவரில் சிமென்ட் வைக்காதே தம்பி’ என்பது போன்றவை விலக்கு. ‘காரையைப் புளிக்க வைத்துப் பூசு’ என்பது போன்றவை விதி. ‘தட்டினால் பொத்தென்று கேட்கும் இடம் விட்டுப்போன இடம்’ என்பது போன்றவை குறி. ‘ஐப்பசிக்கு முன் ஓட்டைப் பார்த்துவிடு’ என்பது போன்றவை காலக்கூற்று. நான்கிலும் காரணம் கூறப்படுவதில்லை. முறைப்பெயரோடும் உரிமையோடும் சொல்லப்படும் இவ்வகைக் கூற்று, கேட்பவர் காரணம் கேளாமல் ஏற்கத்தக்க உறவுச் சூழலில் நிகழ்கிறது.

காரணம் சொல்லப்படாமை அறியாமையின் அடையாளமன்று. சொல்லால் முழுமையாக வெளியிட இயலாத அறிவைப் பற்றி மைக்கேல் போலானி 1966இல் வெளியான தம் நூலில் விளக்கியுள்ளார். சுவரைத் தட்டி ஒலியால் பூச்சின் நிலையை அறிவது அத்தகைய அறிவாகும். பூச்சு சுவரோடு பற்றியிருக்கும் இடத்தில் ஒலி திண்மையாகவும், பற்றுவிட்ட இடத்தில் உள்ளீடற்றும் கேட்கும். இன்றைய கட்டடப் பொறியாளரும் பூச்சை ஆராயச் சிறு சுத்தியலால் தட்டிப்பார்க்கும் முறையையே முதலில் கையாள்கின்றனர்.

அண்டை வீட்டாரின் அறிவுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ஒப்பந்தக்காரர் பணி முடிந்ததும் சென்றுவிடுகிறார். அண்டை வீட்டாரோ அதே தெருவில் அதே மண்ணின்மீது, அதே மழையை எதிர்கொள்ளும் வீட்டில் வாழ்கிறார். தாம் சொன்னது பலித்ததா என்பதை ஆண்டுதோறும் காண்கிறார். பலிக்காவிடில் அதற்குரிய பழியையும் ஏற்கிறார். இவ்வாறு நீண்டகால விளைவால் சோதிக்கப்படுவதே இவ்வறிவுரைகளின் வலிமைக்கு அடிப்படையாகும்.

2. சுவர்: ஓதமும் சிமென்ட் விலக்கும்

பழைய சுவருக்குச் சிமென்ட் பூச்சு ஆகாது என்பது பரவலாகக் கேட்கப்படும் விலக்கு. இதனைப் புதுமைக்கு எதிரான மனப்பான்மையாகக் கொள்வோர் உளர். பொருளியல்பை நோக்கின் இவ்விலக்கு வலுவான அடிப்படை உடையதாகத் தெரிகிறது.

சுண்ணாம்புக்கல் அல்லது கிளிஞ்சல் ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படும்போது கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவிலிருந்து 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். இதனை நீரிட்டு நீற்றி, மணலோ செங்கற்பொடியோ கலந்து அரைத்தால் காரை உருவாகிறது. பூசிய பின்னர் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் சுண்ணாம்புக்கல்லின் தன்மையை அடைகிறது. இவ்வாறு இறுகிய காரை நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தை உள்வாங்கி வெளியிட வல்லது. சிறு அசைவுக்கு ஈடுகொடுப்பது.

பழைய வீடுகள் பலவற்றின் அடித்தளத்தில் ஓதத்தைத் தடுக்கும் படலம் கிடையாது. நிலத்தின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலேறுகிறது. சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும் உள்ள சுவரில் இவ்வீரம் சுவரின் முகம் முழுவதிலும் ஆவியாகிறது. ஏறும் ஈரமும் வெளியேறும் ஈரமும் ஒரு சமநிலையை அடைவதால் ஓதம் தாழ்ந்த உயரத்திலேயே நின்றுவிடுகிறது.

அடர்ந்த சிமென்ட் பூச்சு இவ்வாவியாதலைத் தடுக்கிறது. வெளியேற வழியில்லாத ஈரம், பூச்சு முடியும் உயரத்தையும் கடந்து மேலேறுகிறது. ஈரத்தோடு வரும் உப்புகள் பூச்சுக்குப் பின்னால் படிகமாகின்றன. படிகங்கள் வளரும்போது உண்டாகும் அழுத்தத்தால் செங்கல்லின் முகம் பொடிந்து உதிர்கிறது. சிமென்டிலும் கரையக்கூடிய கார உப்புகள் உள்ளமையால் அப்பூச்சே உப்பின் அளவைக் கூட்டுவதும் உண்டு. சில ஆண்டுகளுக்குப் பின் பூச்சு பாளமாகப் பெயரும்போது செங்கல்லின் மேற்புறமும் சேர்ந்து பெயர்ந்துவிடுகிறது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தால் பூச்சு மட்டுமே போகும். சிமென்ட் பூச்சு பெயர்ந்தால் சுவரும் தேயும் என்று முதியோர் கண்டறிந்ததன் பொருள் இதுவாகும்.

இவ்விலக்கின் காலப் பின்னணியும் கருதத்தக்கது. போர்ட்லண்ட் சிமென்டிற்கு ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் உரிமம் பெற்ற ஆண்டு 1824. இந்தியாவில் 1904இல் சென்னையில் கிளிஞ்சலைக் கொண்டு சிமென்ட் செய்ய எடுக்கப்பட்ட முயற்சி நிலைக்கவில்லை. போர்பந்தரில் 1914இல் உற்பத்தி தொடங்கியது. திருநெல்வேலிக்கு அருகிலுள்ள தாழையூத்து ஆலை 1949இல் இயங்கத் தொடங்கியது. ஆகவே, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்த இன்றைய முதியோர், சுண்ணாம்பு பின்வாங்கிச் சிமென்ட் பரவியதைத் தம் வாழ்நாளிலேயே கண்ட தலைமுறையினர். ஒரே தெருவில் இருவகைப் பூச்சின் விளைவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இத்தலைமுறைக்கு வாய்த்தது. அடுத்த தலைமுறையினருக்கு அவ்வொப்பீட்டுக்கான வீடுகளே அரிதாகிவிடும்.

3. தளம்: அடிப்பும் வாட்டமும்

‘மெட்ராஸ் ஒட்டு’ எனப்படும் தளத்தில் தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய சிறு செங்கற்கள் சுண்ணாம்புக் காரையில் குத்துவாட்டில் சாய்வரிசையாக ஒட்டப்படுகின்றன. அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த படுகை இடப்பட்டு, மரக்கட்டைகளால் பல நாள் அடித்து இறுக்கப்படுகிறது. இறுதியில் தட்டோடு பதிக்கப்படுகிறது. அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளிக்கப்படும். கூரைமேல் சுண்ணாம்புப் படுகை இடும் முறைக்கு இந்தியத் தர அமைவனம் 3036 என்ற எண்ணில் தனிச் செயல்விதியே வகுத்துள்ளது. இம்மரபு பொறியியல் ஏற்பையும் பெற்றது என்பதற்கு அது சான்று.

இத்தளம் ஒழுகும்போது முதியோர் கூறுவன பெரும்பாலும் மூன்று. முதலாவது, ஒழுகும் இடத்திற்கு நேர்மேலே ஓட்டையைத் தேடக்கூடாது என்பது. படுகைக்குள் புகுந்த நீர் வாட்டத்தின் வழியே நகர்ந்து, கட்டையையோ சுவரையோ தொடும் இடத்தில் கீழிறங்குவதால் இக்கூற்று பொருந்துகிறது. இரண்டாவது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையையும் தூம்பின் வாயையும் முதலில் பார்க்க வேண்டும் என்பது. இரு வேறு பகுதிகள் தனித்தனியே விரிந்து சுருங்கும் சந்திப்பாதலால் பிளவு முதலில் அங்கேயே தோன்றுகிறது. தூம்பு அடைபட்டால் நீர் தேங்கி அப்பிளவின் வழியே இறங்குகிறது. மூன்றாவது, தளத்தின்மேல் மீண்டும் தளம் போடக்கூடாது என்பது.

மூன்றாவது கூற்றின் முக்கியத்துவத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். செங்கற்சல்லிப் படுகை 10 செ.மீ. கனத்தில் இடப்பட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 முதல் 200 கிலோ எடை கூடும். மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் உள்ள ஓர் அறையின் தளத்தில் இது இரண்டு டன்னைக் கடக்கும். நூறாண்டு கடந்த தேக்குக் கட்டைகளின் முனைகள் சுவருக்குள் ஈரத்தில் இருப்பவை. அங்கே உளுத்திருந்தால் வெளியே தெரியாது. ஒழுக்கை நிறுத்தும் நோக்கில் ஏற்றப்படும் இச்சுமை கூரையையே வீழ்த்தக்கூடும். எனவேதான் பழைய படுகையைக் கொத்தி எடுத்த பின்னரே புதியதை இட வேண்டும் என்றும், அதற்கு முன் கட்டை முனைகளைக் கூரிய கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும் என்றும் கூறுகின்றனர்.

4. வெடிப்பு: காத்திருத்தல் என்னும் ஆய்வுமுறை

சுவரில் வெடிப்புக் கண்டதும் அதனை அடைக்க முனைவோரிடம் ஓர் ஆண்டு பொறுத்துப் பார்க்குமாறு முதியோர் சொல்வதுண்டு. வெடிப்பின் குறுக்கே தாளை ஒட்டியோ, இரு முனைகளில் கரிக்கோடு இட்டு நாளைக் குறித்தோ வைத்தல் இதன் ஒரு பகுதி. பொறியாளர் வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டிக் கண்காணிப்பதும் இதே நெறியைச் சார்ந்தது.

கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்கள் போன்ற கரிசல் நிலப் பகுதிகளில் இவ்வறிவுரை தனிப்பொருள் பெறுகிறது. கரிசல் மண் ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்கும் இயல்புடையது. ஆகையால் வெடிப்பு சித்திரையில் விரிந்து கார்த்திகையில் ஒடுங்கலாம். விரிந்த நிலையில் கடினமான கலவையால் அடைத்தால், மழையில் சுவர் ஒடுங்க இடமின்றி அருகில் மற்றொரு வெடிப்புத் தோன்றும். ஒரு முழு ஆண்டு நோக்கினால், பருவத்தோடு விரிந்து ஒடுங்கும் வெடிப்பையும், தொடர்ந்து விரிந்துகொண்டே செல்லும் வெடிப்பையும் பிரித்தறியலாம். முன்னதற்கு நெகிழ்வான சுண்ணாம்புக் கலவை போதும். பின்னது அடித்தளம் இறங்குவதைக் காட்டுவது. அதற்குப் பொறியாளரின் ஆய்வு வேண்டும்.

சுண்ணாம்புக் காரைக்கு மயிரிழை வெடிப்புகளைத் தானே மூடிக்கொள்ளும் ஆற்றலும் உண்டு. வெடிப்பில் கசியும் நீர் எஞ்சியுள்ள சுண்ணாம்பைக் கரைத்து, காற்றுப்படும் இடத்தில் படியச் செய்கிறது. சிறு வெடிப்பைத் தொடாதே என்னும் அறிவுரைக்கு இவ்வியல்பு துணைநிற்கிறது.

5. காலம்: பருவத்தோடு இயைந்த பராமரிப்பு

தமிழகம் தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவத்தில் பெறுகிறது. பராமரிப்பின் கால ஒழுங்கு இதனையொட்டியே அமைந்துள்ளது. ஓட்டு வீடுகளில் ஓடு பிரித்து வேய்தலும் தூம்பு துப்புரவு செய்தலும் ஐப்பசி மழைக்கு முன் முடிக்கப்படுகின்றன. மழை ஓய்ந்த பின் மார்கழி இறுதியில் பொங்கலை முன்னிட்டு வெள்ளையடிப்பு நிகழ்கிறது. சடங்காகத் தோன்றும் இவ்வெள்ளையடிப்பு, மழையில் நனைந்த சுவரை ஆண்டுக்கொருமுறை முழுமையாகப் பார்வையிடும் வாய்ப்பாகவும் அமைகிறது. புதிய சுண்ணாம்பு நுண்வெடிப்புகளை நிரப்புகிறது. அதன் காரத்தன்மை பூஞ்சையைத் தடுக்கிறது.

இவ்வகை அறிவுரைகளில் மூதாட்டியரின் பங்கு பெரிது. பூச்சு உதிர்வதை நாள்தோறும் கூட்டிப் பெருக்குபவர், அடுக்களைச் சுவரின் ஈரத்தை முதலில் உணர்பவர், வெள்ளைக்குக் கஞ்சி கலக்கும் அளவை அறிந்தவர் பெண்களே. கஞ்சியின் பசை வெள்ளை கையில் ஒட்டாமல் சுவரில் பற்ற உதவுகிறது. தளம் அடிக்கும் பணியிலும் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டிருந்தனர். தொகுப்பாளர் ஆண் முதியோரை மட்டும் அணுகினால் இவ்வறிவின் பெரும்பகுதி விடுபடும்.

கோடையில் காரைப் பூச்சு செய்வோருக்கு ஈரச்சாக்குத் தொங்கவிடுமாறு கூறப்படும். சுண்ணாம்பு கரியமில வாயுவை ஏற்பதற்கு ஓரளவு ஈரம் இன்றியமையாதது. மிக விரைவில் உலர்ந்தால் பூச்சு இறுகாமல் பொடியாகவே நின்றுவிடும். இங்கும் கூற்றுக்குப் பின்னால் பொருளின் வேதியியல்பு நிற்கிறது.

6. அறிவுரை தவறும் இடங்கள்

மேற்கண்டவை யாவும் சுண்ணாம்பு வீட்டை முன்னிறுத்தியவை. அறிவுரை சொல்லப்படும் வீடு வேறு பொருளால் ஆனதாயின் நிலைமை தலைகீழாகிறது. இதற்கு வெல்லநீர் சிறந்த எடுத்துக்காட்டு. சுண்ணாம்பில் சேரும் சருக்கரை அதன் கரைதிறனைக் கூட்டிக் கலவையை இழைவாக்குகிறது. அதே சருக்கரை சிமென்டில் சேர்ந்தால், மிகச் சிறிய அளவிலேயே இறுகுதலைத் தாமதப்படுத்துகிறது. சிமென்டின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கை எட்டினால் இறுகுதலையே தடுத்துவிடக்கூடும். பழைய தளத்துக்கு வலிமை தந்த வெல்லநீரைப் புதிய சிமென்ட் கலவைக்குப் பரிந்துரைப்பது கேடாக முடியும்.

கம்பியிட்ட கான்கிரீட் கூரையின் அடிப்புறம் வெடித்து உதிரும்போது, உதிர்ந்த இடத்தைப் பூசிவிட்டால் போதும் என்பது மற்றொரு தவறான பரிந்துரை. செங்கற்சுவரில் உதிர்வு மேற்பரப்பின் பழுது. கான்கிரீட்டில் அது உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்ததன் அறிகுறி. துரு, இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டைப் பிளக்கிறது. துருவை நீக்காமல் பூசினால் கம்பி மறைவாகத் தேய்ந்துகொண்டே இருக்கும். காத்திருந்து பார் என்னும் அறிவுரையும் இங்குப் பொருந்தாது. சுண்ணாம்புச் சுவரில் காலம் நண்பன். துருப்பிடித்த கம்பியில் ஒவ்வொரு மழையும் இழப்பு.

மரக்காப்புக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுமாறு கூறுவதும் உண்டு. கரையானையும் உளுத்தலையும் தடுக்கும் அதன் பயன் உண்மையே. ஆனால் அது தோலைப் புண்ணாக்கும் தன்மையுடையது. இதனை நன்கறிந்த முதியவர் சொல்லாமல் விடும் எச்சரிக்கை, கேட்பவருக்குத் தீங்காகலாம்.

நினைவின் ஒருபக்கச் சார்பும் கருதத்தக்கது. நின்று நிலைத்த வீடுகளே கண்முன் உள்ளன. விழுந்தவை நினைவிலிருந்தும் மறைந்தன. ஆகவே பழைய முறை யாவும் நிலைத்தது என்னும் முடிவுக்கு நிலைத்த வீடுகள் மட்டுமே சான்றாக மாட்டா.

7. தொகுப்போர்க்கான பதிவுமுறை

இவ்வறிவுரைகள் இதுவரை பழமொழிகளைப் போலக் கூற்று மட்டுமாகத் தொகுக்கப்படும் நிலையே மிகுதி. நிபந்தனை நீங்கிய கூற்று, மேலே கண்டவாறு, பயனற்றதாகவோ தீங்காகவோ மாறக்கூடும். ஆதலின் ஒவ்வொரு கூற்றோடும் பின்வரும் ஆறு செய்திகளையும் பதிவுசெய்தல் வேண்டும்.

அ) கூற்று, சொன்னவரின் சொல்லிலேயே, வட்டார வழக்குக் கெடாமல்.
ஆ) அது எந்த வீட்டைக் குறித்துச் சொல்லப்பட்டது, சுவர், தளம், பூச்சு ஆகியவற்றின் பொருள் யாது, ஏறத்தாழ எப்போது கட்டப்பட்டது.
இ) நிலத்தின் மண்வகை, நிலத்தடி நீரின் நிலை, கடலண்மை.
ஈ) வேலை நிகழ்ந்த பருவம்.
உ) சொன்னவர் தாமே செய்து கண்டதா, பிறர் செய்யக் கண்டதா, கேட்டதா.
ஊ) செய்த பின் வந்த மழைக்காலங்களில் விளைவு யாது, பலிக்காத நிகழ்வுகள் உளவா.

இவற்றுள் பலிக்காத நிகழ்வைக் கேட்பது மிக இன்றியமையாதது. ஒரு முறை எங்கே தவறியது என்பதை விளக்கும்போதே முதியோர் அதன் நிபந்தனைகளை வெளிப்படையாகச் சொல்கின்றனர். கடற்கரையில் கிளிஞ்சல் சுண்ணாம்பும் உள்நாட்டில் சுக்கான்கல் சுண்ணாம்பும் வழங்கியமையால், ஒரே பெயருடைய காரை இரு ஊர்களில் இருவேறு இயல்புடையதாக இருந்திருக்கும் என்பதையும் தொகுப்பாளர் நினைவில் கொள்ள வேண்டும். கட்டடச் சுண்ணாம்பை இந்தியத் தர அமைவனத்தின் 712 எண் தரவிதி பல வகைகளாகப் பிரிப்பதும் இவ்வேறுபாட்டையொட்டியே ஆகும்.

முடிவுரை

அண்டைவீட்டு முதியோரின் பழுதுநீக்க அறிவுரைகள், குறிப்பிட்ட பொருள், மண், பருவம் ஆகியவற்றின் நீண்டகாலக் கவனிப்பிலிருந்து உருவானவை. சிமென்ட் விலக்கு, தளத்தின்மேல் தளம் கூடாமை, வெடிப்பை ஓராண்டு நோக்குதல், காரையை ஈரத்தில் காத்தல் ஆகியவை பொருளறிவியலோடு ஒத்துச்செல்கின்றன. அவற்றின் நிபந்தனைகள் சொல்லப்படாமல் தொக்கு நிற்பதால், கான்கிரீட் வீடுகளுக்கு அப்படியே பெயர்க்கப்படும்போது அவை தவறுகின்றன.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அத்தகைய பெருமனைகளின் பாதுகாப்பில் வல்லுநர் கவனம் செலுத்துகின்றனர். நடுத்தரக் குடும்பங்கள் வாழும் சிறிய சுண்ணாம்பு வீடுகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவற்றுக்குக் கிடைக்கும் ஆலோசனை தெருவிலுள்ள முதியவரின் சொல்லே. இருவகைக் கட்டுமானத்தையும் கண்ட தலைமுறை மறைவதற்கு முன், அச்சொற்களை நிபந்தனைகளோடு பதிவுசெய்து, கட்டடப் பொறியியல் துறையினரோடு இணைந்து சோதித்தல் நாட்டாரியல் ஆய்வாளர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.